‘அட்வான்ஸ் திரும்பாது’ன்னு யார் சொன்னது?

பழைய வண்டிக்குப் பணம் கொடுத்தாயிற்று. இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. சட்டம் என்ன சொல்கிறது?

பழைய வண்டி வாங்கி விற்கும் கடைக்கு நம் ஊரில் ‘கன்சல்டிங்’ என்று பெயர். அட்வான்ஸ் கொடுத்தால் அங்கே ஒரு ரசீது தருவார்கள். உள்ளங்கை அகலத் தாள். வண்டி நம்பர், பேசிய விலை, கொடுத்த பணம், மீதி கட்ட வேண்டிய தேதி. அடியில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு: ‘அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது.’

வண்டி வேண்டாம் என்று சொல்லப் போகிற பலர் அந்த ஸ்டாம்பைப் பார்த்ததும் பேச்சடங்கித் திரும்பிவிடுகிறார்கள். கடைக்காரர் அந்த வரியைப் படித்துக் காட்டும் குரலில் இருக்கிற பலம் சட்டத்தில் அதற்குக் கிடையாது. அதற்காக அதைச் செல்லாக் காசு என்றும் தள்ளிவிட முடியாது. எந்த இடத்தில் செல்லும், எந்த இடத்தில் செல்லாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வடசென்னையில் தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு இது பொழுதுபோக்குச் சட்டம் இல்லை. கிழக்கே துறைமுகமும் காசிமேடும், வடக்கே திருவொற்றியூரும் எண்ணூரும், மேற்கே மணலி. வண்டி ஓடினால்தான் இங்கே பல வீடுகளில் உலை கொதிக்கும். 2005இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தபோது ‘குட்டியானை’ என்று செல்லப் பெயர் வைத்து அதைச் சொந்தமாக்கிக்கொண்ட ஊர் இது. விடியற்காலை மீன் லோடு, பகலில் தண்ணீர் கேன், மாலையில் வீடு மாற்றும் சாமான் என்று ஒரே வண்டி மூன்று பிழைப்புக்கு ஓடும். புது வண்டிக்கு முன்பணம் கட்ட முடியாதவருக்குப் பழைய குட்டியானைதான் முதல் படி. அந்த அட்வான்ஸ் பணம் பெரும்பாலும் அடகு வைத்த நகையாகவோ மகளிர் குழுக் கடனாகவோதான் கைக்கு வந்திருக்கும். போனால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய தொகை இல்லை.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். நேதாஜி நகரில் ஒருவர். இத்தனை நாள் சம்பளத்துக்கு வண்டி ஓட்டியவர். சொந்தமாக ஒரு குட்டியானை எடுக்க 2,80,000 ரூபாய்க்குப் பேசி, 25,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். கடைக்காரர் சொன்னது: “சிங்கிள் ஓனர் வண்டி தம்பி. மீன் லோடு அடிச்சதே இல்ல, தண்ணி கேன்தான். எஃப்.சி. நாங்களே பண்ணிக் குடுத்துடறோம். நீ சாவியை வாங்கினு போ, மறுநாளே சவாரிக்கு விடலாம்.”

மறுநாள் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய்க் காட்டுகிறார். மெக்கானிக் இன்ஜினைத் திறக்கவில்லை. முதலில் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறார். லோடு பாடியைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட். ஸ்பேனரால் ஒரு தட்டு. நல்ல இரும்பாக இருந்தால் ‘ணங்’ என்று கேட்கும். இது ‘தொப்’ என்கிறது. இன்னொரு தட்டுக்குப் பெயின்ட்டோடு சேர்ந்து துரு பாளம் பாளமாக முகத்தில் உதிர்கிறது. மீன் பெட்டியின் ஐஸ் கரைந்து வழியும் உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி, வருஷக்கணக்கில் அரித்த வண்டி. “அண்ணே, இது காசிமேட்டு வண்டிண்ணே” என்கிறார் மெக்கானிக், எழுந்திருக்காமலே.

இப்படி மறைத்து விற்கும் வண்டிகளில் இன்னொரு வகை, வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன பிறகும் அப்படிப்பட்ட வண்டிகள் பழைய வண்டிச் சந்தைக்கு வரத்தான் செய்தன. மிக்ஜாமின்போது எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கம் மழைத் தண்ணீரோடு கச்சா எண்ணெயும் சேர்ந்து மிதந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால், சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்துவிடும். சீட் நகரும் தண்டவாளத்தின் இடுக்கில் வண்டல் உட்கார்ந்திருக்கும். அதைச் சுரண்டி எடுக்கும் பொறுமை பாலிஷ் போடுகிறவருக்கு இருப்பதில்லை.

சரி, நேதாஜி நகர்க்காரருக்கு இப்போது வண்டி வேண்டாம். என்ன செய்ய முடியும்?

மனசு மாறினால்?

முதலில் கசப்பான செய்தி. வண்டியில் எந்தக் குறையும் இல்லை, கடைக்காரர் பொய்யும் சொல்லவில்லை, வீட்டுக்குப் போய் யோசித்ததில் மனசு மாறிவிட்டது என்றால், அதற்காக ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை இந்தியச் சட்டத்தில் பழைய வண்டி வாங்குகிறவருக்குக் கிடையாது. ஒருநாள்கூட அவகாசம் இல்லை.

இதில் வேடிக்கை இருக்கிறது. ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுத்தால், படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க 30 நாள் தருகிறார்கள். செல்போன் ஆப் வழியாகக் கடன் வாங்கினாலும், மனம் மாறினால் அசலையும் அந்தச் சில நாள் வட்டியையும் கட்டிவிட்டு அபராதமின்றி வெளியேற வழி இருக்க வேண்டும் என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. ஒரு குடும்பத்தின் ஒரே சொத்தாக ஆகப்போகிற வண்டிக்கு அப்படி எதுவும் இல்லை.

வெளிநாடுகளில் எப்படி? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், அதாவது நம்மவர்கள் நிறையப் பேர் குடியேறியிருக்கும் மெல்போர்னில், டீலரிடம் பழைய கார் வாங்கக் கையெழுத்துப் போட்டவர் மூன்று வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். டீலர் 100 டாலர் அல்லது விலையில் ஒரு சதவீதம், இதில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். வண்டியை எடுத்துப் போய்விட்டால் அந்த உரிமை முடிந்தது. சிங்கப்பூரில் 2012 முதல், வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, ஒப்படைத்தபோதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. பழைய காருக்கும் இது பொருந்தும். இங்கிலாந்தில் பழைய கேரவன் ஒன்றை டீலரிடம் வாங்கி அது ஒழுகினால், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பித் தள்ளி முழுப் பணத்தையும் கேட்கலாம். அங்கேயும்கூட, கடைக்கு நேரில் போய் வாங்கிவிட்டு வெறுமனே மனசு மாறியது என்றால் கதை நடக்காது. போனிலோ இணையத்திலோ வாங்கியிருந்தால்தான் 14 நாள்.

நம் ஊரில் இணையம் வழியாகப் பழைய கார் விற்கும் சில நிறுவனங்கள் சில நாள் ‘ரிட்டர்ன்’ வசதியைத் தாங்களாகவே தருகின்றன. அது அவர்கள் எழுதிக்கொடுக்கும் நிபந்தனைக்கு உட்பட்டது. எத்தனை கிலோமீட்டர் வரை ஓட்டலாம் என்பது உட்பட ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும்.

அந்த ஸ்டாம்பு எவ்வளவு தூரம் செல்லும்?

மனசு மாறியவருக்கும் முழு அட்வான்ஸும் போய்விடுமா என்பது தனிக் கேள்வி. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்னதாகவே எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு என்கிறது.

இந்தப் பிரிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் கொடுத்த தீர்ப்பு ஒன்றை எல்லாக் கன்சல்டிங் கடைச் சுவரிலும் ஒட்டலாம். டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982இல் பிகாஜி காமா பிளேஸில் ஒரு மனையை ஏலம் விட்டது. கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் 3.12 கோடிக்கு எடுத்து, கால் பங்காக 78 லட்சம் கட்டியது. மீதியைக் கட்டவில்லை என்று அந்த 78 லட்சத்தை ஆணையம் பறித்துக்கொண்டது. பிறகு 1994இல் அதே மனையை 11.78 கோடிக்கு விற்றது. நஷ்டமே இல்லாதபோது முன்பணத்தை எதற்காகப் பிடித்துக்கொள்கிறாய் என்று கேட்டு, திருப்பிக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரோஹிண்டன் நாரிமன்.

இதை வைத்துக்கொண்டு எல்லா அட்வான்ஸும் திரும்பி வந்துவிடும் என்று யாரும் துள்ள வேண்டாம். ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தக் கொடுத்த நியாயமான அளவு முன்பணத்தை, வாங்குகிறவர் தன் தவறால் பின்வாங்கும்போது விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்ற தீர்ப்புகளும் இருக்கின்றன. கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. உங்களுக்காக வண்டியை ஒதுக்கி வைத்த இரண்டு வாரத்தில் கேட்டு வந்த நாலு பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார். வண்டியில் முடங்கியிருக்கும் அவர் பணத்துக்கும் வட்டி ஓடும். அந்த நஷ்டத்தைக் கழித்துக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. 2,80,000 வண்டிக்கு ஒரு லட்சத்தை அட்வான்ஸ் என்று வாங்கிவைத்துக்கொண்டு, மறுவாரமே அதே வண்டியை 2,90,000க்குத் தள்ளிவிட்டு, அந்த லட்சமும் எனக்கே என்று சொன்னால் அதுதான் அடாவடி.

அதோடு, 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 54ஆவது பிரிவில் கடைக்காரர்கள் அதிகம் கவனிக்காத ஒரு நிபந்தனை இருக்கிறது. மீதிப் பணம் வராததால் வண்டியை வேறொருவருக்கு விற்று அந்த நஷ்டத்தை முதலில் பேசியவரிடம் கேட்பதானால், விற்கப் போகிறேன் என்று அவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விற்றால் நஷ்டம் கேட்க முடியாது. மறுவிற்பனையில் லாபம் வந்திருந்தால் அதுகூட முதலில் பேசியவருக்குப் போகும்.

பொய் சொல்லி விற்றால்?

நேதாஜி நகர்க்காரர் கதை வேறு. அவருக்கு மனசு மாறவில்லை; கடைக்காரர் சொன்னது பொய்த்துவிட்டது. இங்கே ஸ்டாம்புக்கு வேலையே இல்லை. ஏமாற்றியோ தவறான தகவல் கொடுத்தோ வாங்கிய சம்மதத்தில் உருவான ஒப்பந்தத்தை, ஏமாந்தவர் விரும்பினால் ரத்து செய்யலாம் என்பது ஒப்பந்தச் சட்டம் 19ஆவது பிரிவு. ரத்தானால் வாங்கியதை அவரவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதே பிரிவின் வாலில் ஒரு விலக்கு இருக்கிறது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், தெரியாமல் சொன்ன தவறான தகவலையும் வாய்மூடி இருந்ததையும் காரணம் காட்டி ரத்து செய்ய முடியாது. தெரிந்தே சொன்ன பச்சைப் பொய்க்கு இந்த விலக்கு உதவாது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை கடைக்காரருக்குப் பெரும்பாலும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னால் மாட்டுவார். ஆகவே கேட்க வேண்டும். வாயால் கேட்டதையே வாட்ஸ்அப்பிலும் கேட்க வேண்டும். “அண்ணே, மீன் லோடு அடிச்ச வண்டியா, வெள்ளத்துல நின்னுச்சா, ஆக்சிடென்ட் ஏதாவது உண்டா, ஃபைனான்ஸ் பாக்கி இருக்கா, ரீடிங் ஒரிஜினல்தானா?” இந்த ஒரு மெசேஜுக்கு “அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, தைரியமா எடு” என்று பதில் வந்திருந்தால், அது பின்னால் எந்த வக்கீல் நோட்டீஸையும்விட உபயோகமாக இருக்கும். பதிலே வரவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

சரக்கு விற்பனைச் சட்டமும் துணைக்கு வரும். விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பது எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் இருப்பதாகவே பொருள். திருட்டு வண்டி என்று பிறகு தெரிந்தால் கொடுத்த விலையைத் திருப்பிக் கேட்கலாம். 1923இல் இங்கிலாந்தில் இதே சட்டக் கருத்தின் மேல் வந்த வழக்கில், காரைச் சில மாதம் ஓட்டிய பிறகு அது திருட்டு வண்டி என்று போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. ஓட்டிய காலத்துக்குக் கழிக்காமல் முழு விலையும் வாங்கியவருக்குத் திரும்பக் கிடைத்தது. சொல்லாமல் மறைத்த ஃபைனான்ஸ் பாக்கி இருந்தாலும் விற்றவர்தான் பதில் சொல்லியாக வேண்டும். எஃப்.சி. எடுத்துத் தருகிறேன் என்பது போன்ற வாக்கைப் பொறுத்தவரை, ரசீதின் பின்பக்கம் கையால் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அது ஒப்பந்தத்தின் நிபந்தனை. எட்டு வருஷத்தைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷாவருஷம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வேண்டும்; அது இல்லாமல் ரோட்டில் ஏற்றவே முடியாது.

‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதி வாங்கியிருந்தால்? வண்டியின் தேய்மானம், பார்த்தால் தெரிகிற குறைகள் ஆகியவற்றைப் பற்றி அப்புறம் பேச முடியாமல் அது செய்துவிடும். துருவின் மேல் பெயின்ட் அடித்து மறைத்ததையும், ரீடிங்கைத் திருப்பி வைத்ததையும் அது மூடிமறைக்காது.

இந்த இடத்தில் கடைக்காரர் எடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. “நான் வெறும் புரோக்கர். வண்டி என்னுது இல்ல. ஓனரைக் கேளு.” ஓனர் யார் என்று கேட்டால் செங்கல்பட்டு என்பார், போன் எடுக்கமாட்டார் என்பார். யாருக்காகச் செயல்படுகிறார் என்ற பெயரையே வெளியில் சொல்லாத ஏஜென்ட், தானே ஒப்பந்தத்துக்குப் பொறுப்பு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தச் சட்டம் 230ஆவது பிரிவு அது. ஆகவே ரசீதில் ஓனர் பெயர் இல்லாமல் கடை பெயர் மட்டும் இருந்தால் வருத்தப்பட வேண்டாம். ஒரு விதத்தில் நல்லதுதான்.

2023 ஏப்ரல் 1 முதல் இன்னொரு மாற்றமும் நடந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 55ஏ தொடங்கிப் புதிய விதிகள் சேர்க்கப்பட்டன. பழைய வண்டி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும். வண்டியை ஓனர் டீலரிடம் ஒப்படைத்ததும் அதை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு டீலர்தான் ஓனர் ஸ்தானத்தில் இருப்பவர், எஃப்.சி. புதுப்பிப்பது, என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்குவது, பெயர் மாற்றம் செய்வது எல்லாவற்றுக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். அப்படி ஒப்படைக்கப்பட்ட வண்டிக்கு ‘நான் புரோக்கர்’ பல்லவி எடுபடாது. அங்கீகாரச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். முகம் மாறுகிற கடைகளை உடனே அடையாளம் தெரியும்.

இந்த விதியிலும் ஒரு குறை. விபத்து நடந்தால் யார், குற்றத்துக்குப் பயன்பட்டால் யார் என்று போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் பதில் கிடைக்க இது வழி செய்தது. வாங்குகிற ஆளுக்கு என்ன சொல்ல வேண்டும், எத்தனை நாளில் அவர் திருப்பித் தரலாம் என்று ஒரு வரிகூட இதில் இல்லை. டீலர் யார் என்பதைப் பதிவு செய்ய வைத்த அரசாங்கம், வண்டியின் நோயையும் எழுத்தில் சொல்ல வைத்திருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும்.

நீங்கள் ‘நுகர்வோர்’தானா?

வழக்கு என்று வந்தால் கடைக்காரரின் வக்கீல் முதலில் கேட்பது இது. “சரக்கு வண்டி, வியாபாரத்துக்கு வாங்கியது. வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை.” கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இதற்குப் பதில் 1995லேயே வந்துவிட்டது, அதுவும் கோயம்புத்தூர் தொடர்புள்ள வழக்கில். பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் போட்ட வழக்கில், அந்த நிறுவனம் நுகர்வோர் இல்லை என்று சொன்ன உச்ச நீதிமன்றம், யார் நுகர்வோர் என்பதற்கு உதாரணமும் சொன்னது. பிழைப்புக்காகத் தானே ஓட்டுவதற்கு ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோர். தானே ஓட்ட லாரி வாங்குகிறவரும் நுகர்வோர். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் சுயதொழிலில் பிழைப்பு நடத்த வாங்கினால் நுகர்வோர் என்ற விளக்கம் அப்படியே இருக்கிறது. நேதாஜி நகர்க்காரர் தாராளமாகப் போகலாம். மூன்று வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுகிறவர் நாலாவது வண்டிக்காக இந்தக் கதவைத் தட்டினால் திறப்பது சந்தேகம். அவருக்கு சிவில் கோர்ட்தான்.

அதே சட்டத்தில், பில் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, ரசீதில் சொன்ன காலத்துக்குள்ளோ, காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள்ளோ திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். ஸ்டாம்பு வைத்த ரசீதுக்கு எதிராக மாவட்ட ஆணையத்தில் நிற்க இந்த வழி வசதியானது. ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதாட ஆசைப்பட்டால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியிருக்கும். அலைச்சல் அதிகம்.

வேண்டாம் என்பதைச் சொல்லும் விதம்

வேண்டாம் என்றால் வேகமாகச் சொல்ல வேண்டும். வண்டி கைக்கு வந்த பிறகு நியாயமான காலத்துக்குமேல் ஒன்றும் சொல்லாமல் வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். சொந்தக்காரர் மாதிரி நடந்துகொண்டாலும் அப்படித்தான். குறை தெரிந்த பிறகும் புதுத் தார்ப்பாய்க் கம்பி அடிப்பது, முன் கண்ணாடியில் மகள் பேரை எழுதுவது, டிபன் வண்டியாக மாற்றப் பாடியை வெட்டுவது எல்லாம் கூடவே கூடாது. ஏற்றுக்கொண்டுவிட்டால் வண்டியைத் திருப்பித் தர முடியாது. நஷ்டஈடு மட்டும் கேட்கலாம்.

ஆச்சரியமான விஷயம், வண்டியைக் கொண்டுபோய்க் கடை வாசலில் விட வேண்டிய கட்டாயம் இல்லை. நிராகரிக்கிறேன் என்று விற்றவருக்குத் தெரிவித்தாலே போதும், எடுத்துப்போவது அவர் வேலை என்கிறது சரக்கு விற்பனைச் சட்டம் 43ஆவது பிரிவு. அவசரப்பட்டுச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தால் வண்டியும் இல்லை, பணமும் இல்லை என்ற நிலைதான் மிஞ்சும்.

தெரிவிப்பது என்றால் கடை வாசலில் நின்று கத்துவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒன்று, அதையே காகிதத்தில் அடித்து ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் ஒன்று. நீட்டி முழக்க வேண்டாம். இன்ன தேதியில் இன்ன வண்டிக்கு இவ்வளவு கொடுத்தேன். இன்னது என்று சொன்னீர்கள். இன்ன தேதியில் மெக்கானிக் பார்த்ததில் இன்னது தெரிந்தது. ஆகவே ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன். 15 நாளில் பணத்தைத் திருப்பித் தாருங்கள். மெக்கானிக்கிடம் லெட்டர்பேடில் நாலு வரியும் தேதியோடு போட்டோவும் வாங்கி வையுங்கள். கோபத்தில் ஏரியா அண்ணன்களைக் கூட்டிக்கொண்டு போவது வடசென்னையில் சுலபம். பணம் வந்தாலும் அதில் அவர்களுக்கு ஒரு பங்கு போகும். வராவிட்டால் உங்கள் மேலேயே கேஸ் வரும்.

15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன். அதிலும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு வருஷத்துக்குள் பதிந்துவிட வேண்டும். தேதிமேல் தேதி விழும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கையில் கிடைத்ததும் பாதித் தொகைக்குச் சமாதானம் பேச வரும் கடைக்காரரை உடனே விரட்டிவிடாமல் இருக்க அந்தக் கணக்கு உதவும்.

கடனும் காகிதமும்

கடனில் எடுத்த வண்டி என்றால் சிக்கல் இரட்டிப்பு. வண்டி ஒப்பந்தம் வேறு, கடன் ஒப்பந்தம் வேறு. கடையிலேயே உட்கார்ந்து கையெழுத்து வாங்கும் ஃபைனான்ஸ் ஆள், பணத்தைக் கடைக்காரர் கணக்குக்கு அனுப்பிவிடுவார். வண்டியை நிராகரித்ததால் தவணை நின்றுவிடாது. கட்டாமல் விட்டால் உங்கள் சிபில் மதிப்பெண்தான் அடிவாங்கும். ரத்துக் கடிதத்தின் நகல் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் அன்றே போக வேண்டும். பணம் இன்னும் கடைக்குப் போகவில்லை என்றால் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுதும் திருப்பித் தரப்படும்’ என்ற ஒரு வரியை ரசீதில் எழுதச் சொன்னால் பல கடைக்காரர்கள் எழுதிக் கொடுப்பார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

பணம் திரும்பி வந்த சந்தோஷத்தில் எல்லோரும் மறப்பது காகிதங்களை. வண்டி பேசிய அன்றே பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் தேதி போடாமல் கையெழுத்து வாங்கி வைப்பது இந்தத் தொழிலில் சகஜம். ஆதார் நகல், போட்டோ, டெலிவரி நோட் எல்லாம் கடை மேஜை டிராயரில் கிடக்கும். அதைக் கொண்டு பின்னால் வண்டி உங்கள் பெயருக்கு மாறினால், அந்த வண்டி செய்யும் எல்லாவற்றுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரியில் நீதிபதி சந்திரசூட் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், வண்டி பல கை மாறியிருந்தும், ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரே ஓனர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று முடிந்தது. 2022 அக்டோபரில் கோவை உக்கடத்தில் கார் வெடித்தபோது போலீசார் அந்த மாருதி யார் யார் கை மாறி வந்தது என்று வரிசையாகத் தேடிப் போனதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 50ஆவது பிரிவு. அந்த 30 நாளுக்குள் யாராவது உங்கள் கையெழுத்தை வைத்து விண்ணப்பித்துவிடலாம். ஆகவே பணத்தை எண்ணி வாங்கும்போதே, கையெழுத்துப் போட்ட படிவங்களையும் டெலிவரி நோட்டையும் கையோடு வாங்கிவிடுங்கள். தொலைந்துவிட்டது என்று சொன்னால், அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். இரு தரப்பும் ஒப்பந்தத்தை ரத்து செய்துகொண்டோம் என்று ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி. வண்டி டி.என். 03 என்றால் நகல் ஒன்றைத் தண்டையார்பேட்டை ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் தபால் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்துப் பரிவாகன் தளத்தில் அந்த வண்டி நம்பரைப் போட்டு, ஓனர் பெயர் மாறியிருக்கிறதா, அடமானம் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பெயரில் எதுவாவது தெரிந்தால், சீல் வைத்த அந்த நகலோடு மறுநாள் காலையிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுங்கள்.